ஏழு பேர் வீட்டு மொட்டைமாடி

மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலை நடைக்கு வருகிறவர்களுக்கு அன்றைக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது. கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண் கையடக்கமான ஒரு ட்ரோனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். படுக்கையாகப் பிடித்து ஒரு சுற்று, பிறகு மூக்கைக் கீழே தொங்கவிட்டு ஒரு சுற்று. ட்ரோனுக்குத் திசை பிடிபட வேண்டுமானால் அப்படிச் சுற்றித்தான் ஆக வேண்டும் என்று செல்போனில் இருந்த ஆப் அடம்பிடித்தது. சர்க்கரை நோய்க்காக நடந்துகொண்டிருந்த இரண்டு ஓய்வுபெற்ற வாத்தியார்கள் நோயை மறந்து நின்றுவிட்டார்கள். கூட வந்த சந்திரலேகா, ஸ்கூட்டர்மேல் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.

நஜியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொரு வயதில் அவள் ட்ரோன் ஓட்டக் கிளம்பியது பொழுதுபோகாமல் அல்ல. அஷ்பாக்கைப் பழிவாங்க வேண்டும். அவனை எதனால் வீழ்த்தினால் அவனுக்கு அதிகம் வலிக்கும் என்று பத்து மாதம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கையில் எடுத்திருந்தாள்.

அஷ்பாக் அவள் புருஷனாக ஏழு வருஷம் இருந்தவன். சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன். அந்த ஊரில் முதன்முதலாக மாப்பிள்ளை ஊர்வலத்தை மேலேயிருந்து எடுத்துக் காட்டியவன் என்பதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் அந்தப் பெரிய ட்ரோனை அவள் தூசி தட்டக்கூடத் தொட விடமாட்டான். கேஸ் அடுப்பின் குமிழையே அளவாகத் திருப்பத் தெரியாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்பான். விருந்தாளிகள் முன்னால் சொல்வான். விருந்தாளிகளும் சிரித்துவைப்பார்கள்.

ஒரு முறை சண்டை முற்றி, நஜியா மூன்று தெரு தள்ளியிருந்த தாய்வீட்டுக்கு வந்து மூன்று வாரம் இருந்துவிட்டாள். தெருப் பெயர் நமக்கு வேண்டாம். ஆனால் அந்தத் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே வீட்டுக்கு வீடு மொட்டைமாடிதான் பெண்களின் ராஜ்ஜியம். கைப்பிடிச் சுவரை ஆள் உயரத்துக்கு எழுப்பியிருப்பார்கள். தலையில் துணி இல்லாமல் முடி காயவைப்பது, வடகம் பிழிவது, ஊர் வம்பு பேசுவது எல்லாம் அங்கேதான். தேங்காய் பறிக்கிறவனோ பெயின்ட் அடிக்கிறவனோ உயரத்தில் ஏற வேண்டியிருந்தால், கீழேயே நின்று "மேல ஏறுறோம்" என்று மூன்று தரம் குரல் கொடுப்பான். பெண்கள் இறங்கினதாக யாராவது பதில் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்பான். எந்த ஜாதிக்காரனாக இருந்தாலும் அந்தத் தெருவுக்குள் வந்தால் இதுதான் முறை.

அப்படிக் குரல் கொடுத்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டு மாடியில் டிஷ் ஆன்டெனா சரிசெய்கிறவன் ஏறினான். தலையைத் துண்டில் சுற்றி உலுக்கிக்கொண்டிருந்த நஜியாவின் காதில் அது விழவில்லை. சுவருக்கு அந்தப்புறமிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான். விரித்த முடியோடு ஒரு முக்காலியின்மேல் ஏறி அவள் சொம்பை எட்டிக் கொடுத்தாள். அவன் ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள். மொத்தமே இருபத்தாறு விநாடி. அந்த இருபத்தாறு விநாடியும் அஷ்பாக்கின் ட்ரோனில் பதிவாகியிருந்தது. தினமும் அதை அங்கே ஏவிவிட்டுக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜமாத் அலுவலகத்தில் ஏழு பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். அஷ்பாக்கின் செல்போன் கை மாறிக் கை மாறிப் போனது. நஜியா வாசல் பக்கம் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரித்த முடியை ஏழு ஆண்கள் முறை வைத்துப் பார்த்தார்கள். ஏழாவது ஆள் அவளைப் பெற்ற அத்தா நைனா முகம்மது. அவரும் அந்த ஜமாத்தில் ஒரு நிர்வாகி. பார்த்து முடித்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தலாக்கை முடித்து வைக்கும்படி தலைவரிடம் சொல்லிவிட்டார். குற்றம் பெண் பக்கம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். டிஷ் ஆன்டெனாக்காரன் யார், எந்த ஊர், எத்தனை நாள் பழக்கம் என்று ஒரு மணி நேரம் குடைந்தவர்கள், அடுத்தவர் வீட்டு மாடியை நீ எதற்கப்பா மேலேயிருந்து படம் பிடித்தாய் என்று அஷ்பாக்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தா அவளோடு பேசவில்லை. தாய்வீட்டில் மூச்சு முட்டியது. கடலூருக்கு வந்து மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மனு டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்து, லேடீஸ் ஹாஸ்டலில் ஒண்டிக்கொண்டாள். அஷ்பாக் நான்கே மாதத்தில் லால்பேட்டையிலிருந்து முபீனா என்கிற பெண்ணை இரண்டாவதாகக் கட்டினான். இந்தச் செய்தி வந்த அன்றுதான் நஜியா, அதே அலுவலகத்தில் இருந்த சந்திரலேகாவிடம், அவனைச் சும்மா விடப்போவதில்லை என்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள். கல்யாண ஸ்டுடியோவை மூடிக்கொண்டிருந்த சிங்காரம் என்பவரிடம் இந்தப் பழைய குட்டி ட்ரோனைப் பிடித்துக் கொடுத்தது சந்திரலேகாதான்.

திட்டம் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அஷ்பாக் மொட்டைமாடியில் தலைக்கும் மீசைக்கும் சாயம் பூசுவான். குளியலறை வெளிச்சம் போதாது என்று கண்ணாடியோடு மேலே போய்விடுவான். லால்பேட்டைக்காரர்களிடம் முப்பத்து மூன்று வயது என்று சொல்லிக் கட்டியிருந்தான். உண்மையில் நாற்பத்தொன்று. பனியனும் கைலியுமாக, மூக்குக்குக் கீழே கரி அப்பிக்கொண்டு, வாயைக் கோணி நிற்கிற அந்தக் கோலத்தை மேலேயிருந்து எடுத்து, முந்நூறு பேர் இருக்கிற சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அவன் தலை குனிந்து நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இதற்கு மேல் அவள் அல்லாஹ்விடம் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் ட்ரோன் அவள் கோபத்துக்குக் கட்டுப்படுவதாக இல்லை. முதல் நாள் ஆள் உயரத்துக்கு எழும்பி அழகாகத்தான் நின்றது. கடல் காற்று லேசாகத் தள்ளியதும் நஜியா பதறி, ரிமோட்டின் இடது குச்சியை இழுப்பதற்குப் பதில் வலது குச்சியை இழுத்தாள். அது பின்பக்கமாகப் பறந்துபோய் வேப்பமரத்தில் சொருகிக்கொண்டது. கிரிக்கெட் ஆட வந்தவர்கள் மட்டையை எறிந்து விழவைத்தார்கள். இரண்டு இறக்கை போயிற்று.

அடுத்த வாரம் இன்னொரு சங்கடம். ட்ரோனின் மூக்கு அந்தப்பக்கம் பார்த்திருக்கும்வரை இடது என்றால் இடது, வலது என்றால் வலது. அதுவே திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டு வரும்போது எல்லாம் தலைகீழ். இடது பக்கம் ஒதுக்க நினைத்தால் வலது பக்கம் பாய்கிறது. திருத்தப் போய் மேலும் கெடுத்தாள். வாத்தியார்களில் ஒருவர் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் அது சீறிக்கொண்டு போனது. அவர் மறுநாள் முதல் நடைப் பாதையையே மாற்றிக்கொண்டார்.

"நீ அதுக்குள்ள உக்காந்துகினு ஓட்டுறதா நெனச்சுக்கடி" என்றாள் சந்திரலேகா. அவளுக்கும் ஓட்டத் தெரியாது. யூடியூபில் பார்த்ததைச் சொன்னாள்.

உள்ளே உட்கார்ந்திருப்பதாக நினைக்க நஜியாவால் முடியவில்லை. அதற்குப் பதிலாக, எதிரே அஷ்பாக் நிற்பதாக நினைத்துக்கொண்டாள். ஏழு வருஷமும் அவன் எதிரில் நின்று பேசும்போதெல்லாம் தன்னுடைய சரி அவனுக்குத் தப்பாகவும், தன்னுடைய தப்பு அவனுக்குச் சரியாகவும் இருந்தது நினைவுக்கு வந்தது. அப்படி நினைத்ததும் கட்டைவிரல் தானாகவே எதிர்ப்பக்கம் நகர்ந்தது. அவனால் அவளுக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான் என்று சந்திரலேகாவிடம் சொன்னாள்.

மற்ற வித்தைகள் அடிபட்டு அடிபட்டுத்தான் வந்தன. பயம் வந்தால் குச்சியைப் பிடித்து முறுக்கக் கூடாது, இரண்டு கட்டைவிரலையும் எடுத்துவிட்டால் அது அந்தரத்தில் நின்றுவிடும் என்பதை நம்பவே அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. பெட்டியில் போட்டிருந்தபடி இருபத்தைந்து நிமிஷம் பேட்டரி தாங்காது, காற்று அடித்தால் பதினெட்டுதான் என்பதை ஒரு கால்வாயின் ஓரத்தில் போய்ப் பொறுக்கி எடுத்த அன்று தெரிந்துகொண்டாள். பேட்டரி இறங்கினால் அதுவாகவே கிளம்பின இடத்துக்கு வந்து இறங்கிவிடும் என்பதையும் அன்றுதான் ஆப்பில் தேடிப் படித்து, அந்த வசதியைப் போட்டுவைத்தாள். ஒவ்வொரு தடவை விழும்போதும் அஷ்பாக்கைத் திட்டினாள். இறக்கை வாங்கப் போகும்போதெல்லாம், வானத்தில் யாரோடாவது சண்டை போடுகிறீர்களா என்று சிங்காரம் கேட்டார். இன்னும் இல்லை என்றாள்.

மூன்றாவது மாதம், கைக்கு அடங்கியது. சதுரமாக ஓட்டினாள், எட்டு போட்டாள், மைதானத்து விளக்குக் கம்பத்தின் உச்சிக்கு நேராக ஐந்து நிமிஷம் அசையாமல் நிறுத்தினாள். சந்திரலேகா கை தட்டினாள். நஜியா அன்றைக்கே பஸ் ஏறலாம் என்றாள்.

சிதம்பரத்தில் சந்திரலேகாவின் அக்கா வீடு, அஷ்பாக் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. கோயில் பக்கம் போய்விடக் கூடாது என்று எல்லையைக் குறித்துக்கொண்டு, ஞாயிறு பதினொரு மணிக்கு அந்த வீட்டு மாடியிலிருந்து ஏற்றினாள். தெரிந்த தெருக்கள்தான். பால் பூத், தையல் கடை, தண்ணீர்த் தொட்டி, ஏழு வருஷம் அவள் துணி காயப்போட்ட அந்த மாடி. பழிவாங்குகிற ருசி நாக்கில் ஊறியது. பதினைந்து மீட்டர் உயரத்தில் நிறுத்திக் கேமராவைக் கீழே திருப்பினாள்.

அஷ்பாக் இல்லை. முபீனா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வயதிருக்கும்.

சத்தம் கேட்டதும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாடியின் நடுவுக்கு வந்து நின்றாள். பிறகு மெதுவாக ஒவ்வொரு பக்கமாகத் திரும்பினாள். நான்கு பக்கமும் திரும்பி முடித்ததும் மாடிப்படிக் கதவை அகலத் திறந்து, உள்ளே யாரும் இல்லை என்று காட்டினாள். இடுப்பில் சொருகியிருந்த செல்போனை எடுத்து, திரையை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். எல்லாம் முடிந்ததும் இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, போகச் சொல்லி உத்தரவு வருகிறவரை நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நின்றாள்.

நஜியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அது அவன் ட்ரோன் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள். தினமும் இப்படித்தான் நடக்கிறது. கட்டைவிரலை எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். ட்ரோனும் நின்றது. ட்ரோன் நிற்கிறவரை முபீனாவும் வெயிலில் நின்றாள். சந்திரலேகா தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் திருப்பிக்கொண்டு வர வேண்டும் என்று உறைத்தது.

இரண்டு நிமிஷ வீடியோ, தெளிவாகப் பதிவாகியிருந்தது. மீசைச் சாயத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஆதாரம் என்று சந்திரலேகா குதித்தாள். உடனே குழுவில் போடச் சொன்னாள்.

நஜியா இரண்டு நாள் அந்த வீடியோவோடு அல்லாடினாள். அலுவலகத்தில் மனு அடித்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று செல்போனை எடுத்து அனுப்புகிற அம்புக்குறியின்மேல் விரலை வைப்பாள். முபீனாமேல் அவளுக்குப் பாசம் ஒன்றும் இல்லை. தன் கட்டிலில் படுக்கிறவள்மேல் யாருக்குப் பாசம் வரும். ஆனால் அந்த வீடியோ எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். கை மாறிக் கை மாறிப் போகும். அஷ்பாக்கைப் பார்க்க மாட்டார்கள், அந்தப் பெண்ணைத்தான் பார்ப்பார்கள். மூன்றாவது நாள் காலையில் அழித்தாள். நல்லவள் என்பதால் அழிக்கவில்லை. தன் கோபத்தைத் தனக்கே நம்ப முடியாததால் அழித்தாள். கையில் இருந்தால் என்றைக்காவது காட்டிவிடுவாள்.

அழித்த கையோடு டைப் அடிக்க உட்கார்ந்தாள். மீசைச் சாயமெல்லாம் இப்போது அவளுக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. அஷ்பாக் மட்டுமல்ல, அந்த ஏழு பேரும் பதில் சொல்ல வேண்டும். புத்தகத்தில் எழுதினதை அவர்கள் கையாலேயே திருத்த வேண்டும். தன் விஷயத்தை மறுபடி விசாரிக்கச் சொல்லி ஜமாத்துக்கு மனு எழுதி, வக்கீலைக் கேட்டுக்கொண்டு அவருடைய லெட்டர்பேடிலேயே அனுப்பினாள். கோர்ட் என்கிற வார்த்தையைக் கடைசி வரியில் சேர்த்திருந்ததால், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கே விசாரணை வைத்தார்கள். முபீனாவின் அண்ணன் நசீர், குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தவர். அவருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரே ஒரு விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போகும்படி சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு அதே அலுவலகம், அதே பாய், அதே ஏழு பேர். அஷ்பாக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிரித்த முகமாக வந்திருந்தான். அத்தா அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முடிந்துபோன விஷயத்தைக் கிளறுவானேன், புதிதாக என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டார்.

வெளியே வந்தால் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு நஜியா முற்றத்துக்கு நடந்தாள். பையிலிருந்து ட்ரோனை எடுத்துத் தரையில் வைத்தாள். அஷ்பாக் அதைப் பார்த்துச் சத்தமாகவே சிரித்தான். இவளுக்கு இதெல்லாம் ஓட்ட வராது, யார் மண்டையிலாவது விழப்போகிறது, தள்ளி நில்லுங்கள் என்று எல்லோரையும் எச்சரித்தான். ட்ரோன் நேராக எழும்பி அறுபது மீட்டரில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவன் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கேமரா தொலைவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபுரங்கள், தென்னந்தோப்பு, வெளுத்த வானம். ஏழு பேரும் அவளைச் சுற்றி வந்து திரையை எட்டிப் பார்த்தார்கள். நம்ம ஊரா இது, மாஷா அல்லாஹ், என்ன அழகு என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஒங்க ஏழு பேரு வீடும் இதுக்குக் கீழதான் இருக்கு" என்றாள் நஜியா. "இந்த உருளையத் திருப்புனா கேமரா கீழ பாக்கும். திருப்பட்டுமா?"

மணி பத்தே முக்கால். அந்த நேரத்தில் மாடியில் யார் இருப்பார்கள், எந்தக் கோலத்தில் இருப்பார்கள் என்று ஏழு பேருக்கும் தெரியும்.

முதலில் தலைவரின் கைதான் சட்டைப்பைக்குப் போனது. அவரைப் பார்த்து மற்றவர்களும் செல்போனை எடுத்தார்கள். ஒரே நேரத்தில் ஏழு பேர் ஏழு வீட்டுக்குப் போன் போட்டார்கள். மாடியில யாரு, எறங்கு, ஏன்னு கேக்காத, எறங்குன்னா எறங்கு என்று முற்றம் முழுக்க ஒரே கூச்சல். எடுக்காத வீட்டுக்கு மறுபடி மறுபடி அடித்தார்கள். நைனா முகம்மதும் சுவர் ஓரமாகத் திரும்பி நின்று நஜியாவின் அம்மாவை அழைத்துக்கொண்டிருந்தார். நஜியா அந்தக் கூச்சலை ஒரு சொல் விடாமல் கேட்டாள். பதினான்கு மாதத்தில் அவள் வயிறு குளிர்ந்தது அன்றைக்குத்தான்.

அடங்கிய பிறகு சொன்னாள். "டிஷ்ஷு மாட்ட வந்தவன் மூணு தரம் கொரல் குடுத்துட்டுத்தான் ஏறுனான். இவரு எந்த வீட்டுல கொரல் குடுத்தாரு? அன்னைக்கு ஒருத்தரும் அதக் கேக்கல. இன்னைக்குக் கேளுங்க."

ஒரு நிர்வாகி சமாளிக்கப் பார்த்தார். அவன் தன் மனைவியைத்தானே கண்காணித்தான் என்று இழுத்தார். நஜியா அவருக்குப் பதில் சொல்லாமல் நசீரைப் பார்த்தாள். ட்ரோன் சத்தம் கேட்டால் என்ன செய்வாள் என்று உங்கள் தங்கையைக் கேளுங்கள் என்றாள். அஷ்பாக் சட்டென்று முன்னால் வந்து, குடும்ப விஷயத்தை நடுத்தெருவில் பேசாதே என்று ரிமோட்டைப் பிடுங்கக் கை நீட்டினான். நசீர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் தங்கையை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

"முபீனா, மாடிக்கு ட்ரோன் வந்தா நீ என்னாம்மா பண்ணுவ?"

"இன்னைக்கு வரலியேண்ணே" என்றாள் முபீனா. "வந்தா நாலு பக்கமும் திரும்பிக் காட்டுவேன். கதவத் தொறந்து காட்டுவேன். போனையும் காட்டணும். போன ஞாயித்துக்கெழமையும் காட்டுனேண்ணே. அப்பறமும் ஏன் காட்டலன்னு அடிச்சாங்க."

போன ஞாயிற்றுக்கிழமை வந்தது யாருடைய ட்ரோன் என்று அந்த முற்றத்தில் நஜியாவுக்கு மட்டும்தான் தெரியும். முபீனா காட்டியது அவளுக்கு. அஷ்பாக் தன்னுடையதை அனுப்பியபோது அந்தப் பெண், ஏற்கெனவே காட்டியாகிவிட்டது என்று கீழே போயிருப்பாள். அதற்குத்தான் அடி. நஜியா கட்டைவிரலை எடுத்துவிட்டாள். மேலே ட்ரோன் அசையாமல் நின்றது.

"கெளம்பி இரு. நான் வரேன்" என்றார் நசீர் போனில். அஷ்பாக்கின் கையை விட்டபோது அவன் மணிக்கட்டு சிவந்திருந்தது. அவன் தலை குனிந்திருந்தது.

"போன ஞாயித்துக்கெழம மொதல்ல வந்தது நான் அனுப்புனது" என்றாள் நஜியா. "அந்தப் பொண்ணு வீட்டு மாடிய நானும் கேக்காமதான் பாத்தேன். அதையும் எழுதுங்க. மொதல்ல அவுரு பேர எழுதுங்க, அடுத்து என் பேர எழுதுங்க."

அதற்குள் ரிமோட் கத்த ஆரம்பித்தது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இறக்கும்படி தலைவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். எழுதி முடிக்கிறவரை இறக்க மாட்டேன் என்றாள். அது தானாகவே இறங்கிவிடும், பயப்படாதீர்கள் என்று அஷ்பாக் சொன்னான். அது உண்மைதான். ஆனால் அவன் சொன்னதை நம்ப அங்கே ஒருவரும் இல்லை. செயலாளர் ஓடிப்போய்த் தீர்மானப் புத்தகத்தை எடுத்து வந்து, முற்றத்திலேயே முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினார். பிறர் வீட்டு மாடியைக் கேட்காமல் படம் பிடித்தது குற்றம், அன்றைய தீர்மானம் செல்லாது, நஜியாமேல் பழி இல்லை. அதற்குக் கீழே அவள் கேட்டபடி அவளுடைய தப்பும் ஏறியது. ரிமோட் விடாமல் கத்திக்கொண்டிருந்ததால் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்தது. ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவதாக நைனா முகம்மது போட்டார். நஜியா ட்ரோனைக் கால் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கினாள்.

நசீர் போய்விட்டார். அஷ்பாக் அவர் பின்னாலேயே ஏதோ சொல்லிக்கொண்டு ஓடினான். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். முற்றத்தில் அத்தா மட்டும் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்மா" என்றார். "வீட்டுக்கு வா. அம்மா சோறாக்கி வச்சிருக்கு."

இந்த வார்த்தைக்காக நஜியா பதினான்கு மாதம் ஏங்கியிருக்கிறாள். ஹாஸ்டல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தா இப்படிச் சொல்வார், தான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வோம் என்று எத்தனையோ தரம் நினைத்து அழுதிருக்கிறாள். இப்போது சொல்லிவிட்டார். மனசுக்குள் தேடிப் பார்த்தாள். அஷ்பாக்மேல் இருந்த கோபம்கூடக் குறைந்திருந்தது. இவர்மேல் இருந்தது அப்படியே இருந்தது.

"எல்லாரும் பாத்துட்டு, கடைசியாத்தான் செல்லு ஒங்க கைக்கு வந்துச்சு" என்றாள். "நீங்க மட்டும் பாக்காம இருந்திருக்கலாம் அத்தா."

அவள் ட்ரோனின் நான்கு கையையும் மடக்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். கடலூர் பஸ் பிடிக்க நடந்தாள்.